புதிய கணக்கர்களும் கலாசாலைப் படிப்பும்

பொதுக் காரியங்களில் ஈடுபட்டுள்ள நமது நேயர்களுக்கு ஒரு காட்சி நன்கு பழக்கமாயிருக்கும். தாலுகா ஆபீஸ் வாசலில் கிழவி ஒருத்தி நிற்கிறாள். குடும்ப அட்டையில் அவள் பெயர் ‘லட்சுமி’. பட்டாவில் ‘லெட்சுமி அம்மாள்’. பாங்கிப் புத்தகத்திலோ கணவன் பெயரும் அவள் பெயரோடு ஒட்டிக்கொண்டு வேறொரு மனுஷியைப் போல் தோன்றுகிறது. மூன்றும் ஒருத்தியே என்பது ஊரறிந்த விஷயம். ஆயினும் அவளுக்கு வர வேண்டிய உதவிப் பணம் நின்றுவிட்டது. குமாஸ்தா கம்ப்யூட்டர் திரையைச் சுட்டிக் காட்டி, ‘ஸிஸ்டம் ஏற்கவில்லை, பாட்டி, நான் என்ன செய்யட்டும்?’ என்று கை விரிக்கிறார். குமாஸ்தா மீது குற்றமில்லை. கிழவி மீதும் குற்றமில்லை. அப்படியானால் குற்றம் யாருடையது? அந்த ‘ஸிஸ்டம்’ என்பதை எழுதியவன் யார்? அவன் எங்கே படித்தான்? என்ன படித்தான்? யாரை மனத்தில் வைத்து அதை எழுதினான்?

இக் கேள்விகளுக்கு விடை தேடிச் சென்றால் நாம் முடிவாக வந்து சேருமிடம் ஒரு கலாசாலையின் கம்ப்யூட்டர் கூடமாகும். அங்கே இரண்டு பாடங்கள் போதிக்கப்படுகின்றன. ஒன்று, தகவல்களை அட்டவணைகளாகப் பிரித்து ஒழுங்குபடுத்தி வைக்கும் டேட்டாபேஸ் சாஸ்திரம். மற்றொன்று, வலைத்தளத்தின் பின்புறத்தில், ஸர்வர் என்னும் யந்திரத்திலிருந்து வேலை செய்யும் புரோகிராம்களை எழுதும் வித்தை. நம் நாட்டில் பொறியியல் மாணாக்கரும், கலை அறிவியல் கலாசாலைகளில் கம்ப்யூட்டர் படிப்போரும் பெரும்பாலும் இவ்விரண்டையும் கடந்தே பட்டம் பெறுகின்றனர். இது வெறும் உத்தியோகத்துக்கான படிப்பு என்று நினைத்து அரசியல் நண்பர்கள் இதனைக் கவனியாதிருப்பது தவறு என்பது நமது அபிப்பிராயம். நாட்டின் ஏடுகளை எழுதப் போகிறவர்கள் தயாராகும் இடம் அது. ஆதலின் அங்கே நடப்பது நம் எல்லோருக்கும் உரிய விஷயமேயாகும்.

கர்ணத்தின் ஏடுகள்

அட்டவணை முறை நமக்குப் புதிதன்று. கிராமக் கர்ணம் இருந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். 1980இல் அப்பதவி ஒழிக்கப்பட்டுக் கிராம நிர்வாக அலுவலர்கள் வரும் வரையில் ஊர்க் கணக்கு முழுவதும் அவரிடமே இருந்தது. சிட்டா என்ற ஏட்டில் பட்டாதாரர் வாரியாக யாருக்கு எந்த நிலம், எவ்வளவு பரப்பு, எவ்வளவு தீர்வை என்பது இருக்கும். அடங்கல் என்ற ஏட்டில் சர்வே எண் வாரியாக எந்த வயலில் அந்த வருஷம் என்ன பயிர் என்பது இருக்கும். ஒருவருடைய நிலத்தில் என்ன விளைந்தது என்று அறிய வேண்டுமானால் இரண்டு ஏட்டையும் எடுத்து, பட்டா எண்ணையும் சர்வே எண்ணையும் பிடித்துக்கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல வேண்டும். ஒரே ஏட்டில் எல்லாவற்றையும் கொட்டி எழுதினால் ஒருவர் பெயரைப் பத்து இடத்தில் எழுத நேரும். ஓரிடத்தில் திருத்தி ஒன்பதிடத்தில் மறந்தால் வழக்கு கோர்ட்டுக்குப் போகும்.

இன்று கலாசாலைகளில் போதிக்கப்படும் ‘ரிலேஷனல் டேட்டாபேஸ்’ என்பதன் அடிப்படை இவ்வளவே. ஒரு விஷயம் ஓரிடத்தில் மட்டும் எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் பிறிதொன்றோடு மயங்காத ஓர் அடையாளம் இருக்க வேண்டும். இதனைப் பிரைமரி கீ என்பர். ஓர் அட்டவணை மற்றோர் அட்டவணையைச் சுட்ட வேண்டுமானால் அந்த அடையாளத்தைக் கொண்டே சுட்ட வேண்டும். இது பாரின் கீ. இல்லாத பட்டா எண்ணுக்கு வயல் எழுத முயன்றால் ஏடே அதனை மறுத்துவிடும். கர்ணம் நேர்மையானவராயிருந்தால்தான் கணக்கு நேராக இருக்கும் என்ற நிலை மாறி, கணக்கின் அமைப்பே பிழையைத் தடுக்கும்படி செய்வது இந்த சாஸ்திரத்தின் பெருமையாகும்.

காட் என்பவரின் ஆராய்ச்சி

இதனைக் கணித சாஸ்திரமாக வகுத்தவர் எட்கர் காட் என்ற ஆங்கிலேயர். 1923இல் பிறந்த அவர் ஆக்ஸ்போர்டில் கணிதமும் ரசாயனமும் படித்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் ஆகாயப் படையில் விமானியாகப் பணியாற்றினார். பின்னர் அமெரிக்கா சென்று ஐ.பி.எம். கம்பெனியில் அமர்ந்தார். அக்காலத்தில் தகவல்களை மரத்தின் கிளைகளைப் போல் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கவிட்டுச் சேமிப்பது வழக்கம். சந்திரனுக்கு மனிதரை அனுப்பிய அப்பல்லோத் திட்டத்தின் பொருட்டு 1960களில் உருவான ஐ.எம்.எஸ். என்ற ஸாப்ட்வேர் அவ்வகையினது. அம்முறையில் ஒரு தகவலை எடுக்க வேண்டுமானால் அது எந்தக் கிளையில், எந்தப் பாதையில் இருக்கிறது என்பதைப் புரோகிராம் எழுதுபவன் அறிந்திருக்க வேண்டும். பாதை மாறினால் புரோகிராம் அனைத்தையும் திருத்தி எழுத வேண்டும்.

1970 ஜூன் மாதம் காட் ஒரு கட்டுரை வெளியிட்டார். தகவல் எங்கே, எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்ற கவலை கேட்பவனுக்கு வேண்டியதில்லை. எல்லாவற்றையும் அட்டவணைகளாகப் பாவித்து, தனக்கு வேண்டியது இன்னது என்று மட்டும் அவன் சொன்னால் போதும். தேடும் வழியை யந்திரம் பார்த்துக்கொள்ளும் என்பது அதன் சாரம். 1974இல் டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் என்ற இருவர் அவ்வாறு கேட்பதற்கு ஒரு பாஷையை வகுத்தனர். அதுவே எஸ்.க்யூ.எல். என்ற பெயரில் 1986இல் அமெரிக்காவிலும் 1987இல் சர்வதேச அளவிலும் நிர்ணய பாஷையாக ஏற்கப்பட்டது. காட்டுக்கு 1981இல் கம்ப்யூட்டர் உலகின் உயர்ந்த விருதாகிய டூரிங் பரிசு கிடைத்தது.

இந்த வரலாற்றில் நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. காட் வேலை பார்த்த கம்பெனி, ஏற்கெனவே தான் விற்றுக்கொண்டிருந்த ஐ.எம்.எஸ். மீது கண் வைத்து, அவருடைய கருத்தைச் சந்தைக்குக் கொண்டுவருவதில் தாமதித்தது. ஆனால் கட்டுரை எவரும் படிக்கக்கூடியதாக அச்சாகிவிட்டது. அதனைப் படித்த வேறு சிலர் 1977இல் சிறிய கம்பெனி ஒன்றைத் தொடங்கி 1979இல் தங்கள் ஸாப்ட்வேரை விற்கலாயினர். அதுவே இன்றைய ஆரக்கிள். பெர்க்லி சர்வகலாசாலையில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் முதலியோர் மாணாக்கர்களைக் கொண்டே இங்க்ரஸ் என்ற டேட்டாபேஸைக் கட்டினர். பின்பு அதே சர்வகலாசாலையில் 1986இல் தொடங்கிய மற்றொரு முயற்சியின் வழிவந்த போஸ்ட்கிரெஸ்க்யூஎல் இன்று உலகெங்கும் இலவசமாகக் கிடைக்கிறது. படித்தவன் செய்தும் பார்த்தால் கலாசாலை மாணாக்கனும் பெருங் கம்பெனிகளுக்கு நிகராகலாம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

ஜன்னலுக்குப் பின்னால்

இனி இரண்டாவது பாடத்துக்கு வருவோம். ஸ்விட்சர்லாந்திலுள்ள ஸெர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் வலைத்தளத் திட்டத்தை எழுதினார். 1993 ஏப்ரல் 30ஆம் தேதி அந்நிலையம் அதனை எவ்வித உரிமைத் தொகையும் இன்றி உலகத்துக்கு அளித்துவிட்டது. முதலில் வலைப் பக்கங்கள் அச்சடித்த துண்டுப் பிரசுரங்களைப் போன்றவை. யார் கேட்டாலும் ஒரே காகிதம்தான். ஆனால் ‘என் கணக்கில் மீதி எவ்வளவு?’ என்று ஒருவன் கேட்டால் அச்சடித்த காகிதம் பதில் கூறாது. ஜன்னலுக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா இருந்து, கேட்டவன் யார் என்று பார்த்து, ஏட்டைப் புரட்டி, அவனுக்கென்றே ஒரு பதிலை எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் குமாஸ்தாவே ஸர்வர் புரோகிராம்.

1993இல் சி.ஜி.ஐ. என்ற ஏற்பாடு இதற்கு வழி திறந்தது. 1995இல் ராஸ்மஸ் லெர்டார்ப் என்பவர் தம் சொந்த வலைப் பக்கத்துக்காக எழுதிய கருவிகளை வெளியிட்டார். அவை வளர்ந்து பி.எச்.பி. என்ற பாஷையாயிற்று. அதே வருஷத்தில் மை எஸ்.க்யூ.எல். என்ற டேட்டாபேஸும் வெளிவந்தது. இவ்விரண்டும் சேர்ந்து, பணமில்லாதவனும் வலைத்தளம் நடத்தலாம் என்ற நிலையை உண்டாக்கின. ஜாவாவில் ஸர்வ்லெட் முறையும், பைத்தான் பாஷையில் 2005இல் வந்த ஜாங்கோவும், 2009இல் வந்த நோட் ஜேஎஸ்ஸும் பிற்காலத்தவை. பெயர் வேறாயினும் வேலை ஒன்றே. கேள்வியை வாங்கு, கேட்பவனைச் சோதி, ஏட்டைப் பார், பதிலை எழுது என்பதே அது.

இந்தக் குமாஸ்தாவுக்கு ஒரு விசித்திர குணமுண்டு. பதில் கொடுத்த மறுகணமே கேட்டவனை மறந்துவிடுவான். மறுபடி அவனே வந்தாலும் ‘நீர் யார்?’ என்பான். ஆதலின் முதன்முறை வரும்போதே ஒரு வில்லையைக் கொடுத்து, பின் வரும்போதெல்லாம் அதனைக் காட்டச் செய்கிறார்கள். குக்கீ எனப்படும் இந்த ஏற்பாடு 1994இல் வந்தது. வில்லையை எளிதில் ஊகிக்கும்படி 1, 2, 3 என்று கொடுத்தால் என்ன ஆகும்? அடுத்தவன் வில்லையைக் காட்டி அடுத்தவன் கணக்கைப் பார்க்கலாம். இப்படி ஒவ்வொரு சிறு ஏற்பாட்டின் பின்னும் ஓர் ‘ஏன்’ இருக்கிறது. அந்த ‘ஏன்’ போதிக்கப்படுகிறதா என்பதே நமது கேள்வி.

நாம் கண்டது

சில காலத்துக்கு முன் கலாசாலை ஒன்றில் நடந்த செய்முறைப் பரீட்சையை நேரில் காணும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. கலாசாலையின் பெயர் இங்கு வேண்டியதில்லை. நாம் சொல்லப்போவது ஒரு கலாசாலையோடு நிற்பதன்று.

மேஜை மீது ரிக்கார்டு நோட்டுகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. கையெழுத்து முத்துமுத்தாயிருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மசியில் ஆசிரியர் கையொப்பம். ஒன்றைப் புரட்டியபோது, பி.எச்.பி.யின் 7ஆம் பதிப்பில், அதாவது 2015இலேயே, நீக்கப்பட்டுவிட்ட பழைய கட்டளைகள் அழகிய எழுத்தில் அப்படியே காணப்பட்டன. மற்றொரு நோட்டிலும் அவையே, அதே இடத்தில், அதே எழுத்துப் பிழையுடன் இருந்தன. ஒரு மாணாக்கரிடம், ‘டெலிபோன் எண்ணை ஏன் எண் வகையாக வைத்திருக்கிறீர்?’ என்று கேட்டோம். ‘அது எண்தானே, ஸார்’ என்றார். ‘பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணை எழுதிப் பாரும்’ என்றோம். எழுதினார், முன்னிருந்த பூஜ்யம் மறைந்துவிட்டது. அவர் முகத்தில் தோன்றிய வியப்பு உண்மையானது. மூன்று வருஷப் படிப்பில் அன்றுதான் முதன்முதலாக ஒரு விஷயத்தைக் கற்றதுபோல் அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டிக் கழித்துப் பயனில்லாத இலக்கங்களை எழுத்து வகையாக வைக்க வேண்டும் என்பது புத்தகத்தில் இல்லாமலில்லை. செய்து பார்க்காத குறையே குறை.

அதே கூடத்தின் மூலையில் ஒரு மாணவி இருந்தார். பரீட்சைக்கு வேண்டியதை முடித்துவிட்டுத் தம் சொந்த வேலை ஒன்றைக் காட்டினார். அவருடைய ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒரு கணக்கு. அங்கத்தினர் ஓர் அட்டவணை. நாள்தோறும் ஊற்றிய பாலின் அளவும் கொழுப்புச் சத்தும் மற்றோர் அட்டவணை. முதலில் அங்கத்தினரைப் பெயரால் அடையாளங் கொண்டாராம். ஊரில் முருகேசன் இருவர் இருந்தபடியால் ஒருவர் பால் பணம் மற்றவர் கணக்கில் ஏறியது. அன்றே ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார். பின்பு பால் விலை உயர்ந்தது. விலையை ஓரிடத்தில் மாற்றினார். உடனே போன மாதத்துப் பாக்கியெல்லாம் புது விலையில் மாறிவிட்டது. விலைக்கென்று தனி அட்டவணை வைத்து, எந்தத் தேதியிலிருந்து எந்த விலை என்று எழுத வேண்டும் என்பதை அப்போது கண்டார். ‘புத்தகத்தில் நார்மலைஸேஷன் என்ற அத்தியாயத்தை நான்கு தடவை படித்தேன், ஸார். இந்த இரண்டு தகராறுக்குப் பிறகுதான் புரிந்தது’ என்றார். பரீட்சையில் அந்தக் கணக்குக்கு மதிப்பெண் ஒன்றுமில்லை.

இவ்விரு மாணாக்கரும் ஒரே ஆசிரியரிடம் ஒரே பாடம் படித்தவர்களே. புத்தியில் ஒருவருக்கொருவர் குறைந்தவர்களல்லர். ஒருவருக்கு ஊரின் தேவை ஒன்று கையில் இருந்தது. மற்றவருக்கு நோட்டு மட்டுமே இருந்தது.

தமிழ்ப் பெயரின் கதி

அந்த மாணவி முதலில் அங்கத்தினர் பெயர்களைத் தமிழில் எழுதினாராம். திரும்ப எடுத்துப் பார்த்தபோது பெயர்களெல்லாம் வரிசையான கேள்விக்குறிகளாய் நின்றன! மை எஸ்.க்யூ.எல். டேட்டாபேஸ் 2018இல் வந்த 8.0 பதிப்பு வரையில், யாரும் வேறு சொல்லாவிட்டால், ஐரோப்பிய எழுத்துகளுக்கான தொகுதியையே தன் வழக்கமாகக் கொண்டிருந்தது. அதில் தமிழுக்கு இடமில்லை. 1991இலேயே யூனிகோட் என்ற உலக எழுத்துத் தொகுதியில் தமிழ் இடம் பெற்றுவிட்டபோதிலும், அதனை உபயோகிக்க வேண்டும் என்று புரோகிராம் எழுதுபவன் சொன்னாலன்றி ஏடு ஏற்றுக்கொள்ளவில்லை.

இது மட்டுமன்று. ‘தமிழ்’ என்பது நம் கணக்கில் மூன்றெழுத்து. யூனிகோட் கணக்கில் அது ஐந்து குறிகள். யு.டி.எப்.-8 முறையில் எழுதுங்கால் குறி ஒன்றுக்கு மூன்று பைட்டு வீதம் 15 பைட்டுகள். பெயருக்கு 10 பைட்டு இடம் போதும் என்று ஒருவன் ஒதுக்கிவிட்டால் நமது பாஷையின் பெயரே அதில் கொள்ளாது. வரிசைப்படுத்துவதிலும் சங்கடமுண்டு. நம் நெடுங்கணக்கில் னகரம் மெய்யெழுத்துகளின் கடைசி. யூனிகோட் வரிசையிலோ அது நகரத்தை அடுத்து நிற்கிறது. தக்க வரிசை விதியைக் குறிப்பிடாவிட்டால் மரகதத்துக்குப் பின் வர வேண்டிய மனோன்மணி முன்னால் வந்துவிடுவாள். பட்டியலில் தன் பெயரை உரிய இடத்தில் தேடுபவள் காணாமல் திரும்புவாள்.

இனி, ‘முதற் பெயர், கடைசிப் பெயர்’ என்ற இரண்டு கட்டங்களைப் பார்ப்போம். மேல்நாட்டுப் பாடப்புத்தகங்களிலுள்ள உதாரண அட்டவணையை நமது மாணாக்கர் அப்படியே எடுத்துக்கொள்கின்றனர். தமிழருள் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்பதே இல்லை. தகப்பனார் பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்து. ‘கடைசிப் பெயர் கட்டாயம்’ என்று ஸர்வர் புரோகிராம் வற்புறுத்தினால், ஒருவன் தகப்பன் பெயரை எழுதுவான். ஒருவன் தலைப்பெழுத்தை மட்டும் எழுதுவான். ஒருவன் தன் பெயரையே இரண்டாக வெட்டி எழுதுவான். ஒருத்தி புருஷன் பெயரைப் போடுவாள். பின்பு இரண்டு ஏடுகளை ஒப்பிடுங்கால் ஒன்றோடொன்று பொருந்தாது. தாலுகா ஆபீஸ் வாசலில் கிழவி நிற்பதன் காரணங்களில் ஒன்று இந்தக் கட்டத்தில் தொடங்கியிருக்கலாம். அதனை எழுதியவன் கொடியவனல்லன். தன் பாட்டியின் பெயர் எப்படி எழுதப்படுகிறது என்பதை ஒரு கணம் எண்ணிப் பாராதவன், அவ்வளவே.

ஏட்டின் காவல்

ஏட்டை அமைப்பது ஒரு பங்கு. காப்பது மற்றொரு பங்கு. ஜன்னலில் கொடுக்கப்படும் காகிதத்தில் எழுதியிருப்பதையெல்லாம் குமாஸ்தா கட்டளையாகவே எடுத்துக்கொண்டால் என்னவாகும் என்று யோசியுங்கள். பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒரு மேற்கோட்குறியையும், ‘அல்லது 1=1’ என்ற சொற்களையும் ஒருவன் எழுதுகிறான். அஜாக்கிரதையாக எழுதப்பட்ட புரோகிராம் அதனை அப்படியே எஸ்.க்யூ.எல். வாக்கியத்தில் ஒட்டி டேட்டாபேஸுக்கு அனுப்புகிறது. ஒன்றும் ஒன்றும் சமம் என்பது எப்பொழுதும் உண்மையாதலின் ஏட்டிலுள்ள வரிகள் முழுவதும் அவன் முன் வந்து விழுகின்றன. எஸ்.க்யூ.எல். இஞ்செக்ஷன் என்னும் இந்த உபாயம் 1998இலேயே விவரிக்கப்பட்டது. பரிகாரமும் கடினமன்று. கட்டளை வேறு, கொடுக்கப்பட்ட மதிப்பு வேறு என்று பிரித்து அனுப்பினால் போதும். எல்லா டேட்டாபேஸ்களிலும் அதற்கு வசதி உண்டு.

இருந்தும் நடந்ததென்ன? 2009இல் ராக்யூ என்ற அமெரிக்கக் கம்பெனியின் ஏடு இவ்வழியிலேயே களவாடப்பட்டது. அதில் 3 கோடியே 20 லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் கடவுச்சொற்கள் எவ்வித மறைப்புமின்றி எழுதியபடியே இருந்தன. 2015இல் பிரிட்டனில் டாக்டாக் என்ற டெலிபோன் கம்பெனியின் பழைய பக்கம் ஒன்றின் வழியாக இதே உபாயத்தால் ஏறக்குறைய 1,57,000 வாடிக்கையாளரின் விவரங்கள் போயின. மறு வருஷம் அந்நாட்டுத் தகவல் ஆணையர் 4 லட்சம் பவுன் அபராதம் விதித்தார். பரிகாரம் தெரிந்து பதினேழு வருஷமாகியும் பெருங் கம்பெனி ஒன்று இதற்கு இரையாயிற்று என்றால், பாடத்தின் கடைசி அத்தியாயமாக, பரீட்சைக்கு வராத பகுதியாக, இது தள்ளப்பட்டதும் ஒரு காரணமாகாதா?

நம் நாட்டில் 2023இல் டிஜிடல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. தகவலைக் காக்கத் தக்க ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமிருக்கிறது. சட்டம் வேண்டுவதே. ஆயினும் அபராதம், களவு போனபின் வருவது. பூட்டுச் செய்யக் கற்றுக் கொடுப்பதே முன்னால் செய்ய வேண்டியது. கடவுச்சொல்லை எழுதியபடியே வைக்கலாகாது, திரும்பப் பெற முடியாத உருவில் மாற்றியே வைக்க வேண்டும் என்பதை மாணாக்கன் முதல் மாதத்திலேயே கையால் செய்து பழக வேண்டும்.

யந்திரம் எழுதிக் கொடுக்குங்கால்

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். ‘2022 முடிவில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து புரோகிராமை யந்திரமே எழுதிக் கொடுக்கிறதே, இனி மாணாக்கன் இவ்வளவு பாடுபடுவானேன்?’ என்று கேட்பார் உளர். கேள்வி நியாயமானதே. யந்திரம் எழுதுவது பல சமயம் நன்றாகவே இருக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. நல்ல ஆசிரியர் அருகில் இல்லாத மாணாக்கனுக்கு, இரவு பத்து மணிக்கும் சலியாமல் சந்தேகந் தீர்க்கும் துணையாக அது உதவக்கூடும் என்பதும் உண்மை.

ஆனால் பால் சங்கத்தில் முருகேசன் இருவர் உண்டு என்பது யந்திரத்துக்குத் தெரியாது. விலை நடுவில் மாறும் என்பதைச் சொல்ல வேண்டியவன் மனிதன். பிறர் எழுதிக் கொடுத்ததைப் படித்து, ‘இது தவறு’ என்று சொல்லக்கூடியவனே அதனை ஆளுகிறவன். படிக்க அறியாதவன் கைந்நாட்டுப் போடுகிறவனேயாவான். பத்திரத்தில் எழுதியிருப்பது இன்னதென்று அறியாமல் கைந்நாட்டு வைத்து நிலமிழந்த குடியானவர்களின் கதை நமக்குப் புதிதல்ல. நகரங்களில் ‘பிராஜெக்ட் சென்டர்’ என்ற பெயரில் கடைசி வருஷச் செய்முறை வேலையை விலைக்கு எழுதிக் கொடுக்கும் கடைகள் யந்திரத்துக்கு முன்பே இருந்தன. அப்போது காசு கொடுத்து வாங்கினர்; இப்போது காசின்றிக் கிடைக்கிறது. இரண்டிலும் நஷ்டம் ஒன்றே. பட்டம் பெற்றவன் தன் பெயரிலுள்ள வேலையைத் தானே படித்தறியாதவனாகிறான்.

செய்ய வேண்டுவன

குறை கூறுவதோடு நிற்பது பத்திரிகைக்கு அழகன்று. ஆதலின் நமக்குத் தோன்றிய சில யோசனைகளைக் கூறுகிறோம்.

முதலாவது, ரிக்கார்டு நோட்டின் ஆட்சி ஒழிய வேண்டும். அதற்குச் செலவாகும் நேரத்தில் ஒவ்வொரு மாணாக்கரும் தம் ஊரிலுள்ள ஏதேனும் ஒரு நிஜக் கணக்கை எடுத்துக்கொள்ளட்டும். வாசகசாலைப் புத்தகக் கணக்கு, கூட்டுறவுச் சங்கம், ரத்ததானம் செய்வோர் பட்டியல், ஏரிப் பாசன முறை என்று எத்தனையோ உண்டு. நிஜ மனிதர் வந்து ‘என் கணக்குத் தவறு’ என்று சொல்லும்போது கற்பது மறக்காது. அப்படி எடுக்குங்கால் பிறருடைய தகவலை அவர் சம்மதமின்றி எடுக்கலாகாது என்பதும் பாடத்தின் பகுதியேயாகும்.

இரண்டாவது, பரீட்சை முறை மாற வேண்டும். மனப்பாடஞ் செய்த புரோகிராமை எழுதச் சொல்வதைவிட, வேலை செய்துகொண்டிருக்கும் ஒன்றைக் கொடுத்து, ‘இதில் இந்த மாறுதலைச் செய், ஏன் செய்தாய் என்று சொல்’ எனக் கேட்க வேண்டும். யந்திரம் எழுதியதையே கொடுத்து அதிலுள்ள பிழையைக் காணச் சொல்வதும் நல்ல பரீட்சையே.

மூன்றாவது, தமிழ். ‘ஜாயின்’ என்ற சொல்லை மாற்றுவதற்காக நாம் வாதாடவில்லை. சொல் எதுவாயினும் ஆகுக. விளக்கம் மாணாக்கனுக்குப் புரியும் பாஷையில் இருக்க வேண்டும் என்பதே நமது கோரிக்கை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்து வந்தவன், கருத்தை விளங்கிக்கொள்ள முடியாமல் வாக்கியத்தை மனப்பாடஞ் செய்வது அவன் புத்திக் குறைவாலன்று. பம்பாய் ஐ.ஐ.டி.யின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ முயற்சி தமிழ் உள்ளிட்ட இந்திய பாஷைகளில் கம்ப்யூட்டர் பாடங்களைக் குரல் வழியாக இலவசமாகத் தந்து வருகிறது. 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். வழியாக ஐ.ஐ.டி. ஆசிரியர்களின் பாடங்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. இவற்றைக் கலாசாலைகள் உபயோகப்படுத்தட்டும். அன்றியும், ஒவ்வொரு செய்முறைப் பாடத்திலும் ஒரு தமிழ்ப் பெயரையாவது ஏட்டில் எழுதி, எடுத்து, வரிசைப்படுத்திக் காட்ட வேண்டும் என்ற விதி இருக்கட்டும்.

நான்காவது, ஆசிரியர்கள். நேற்றுப் பட்டம் பெற்றவரை இன்று குறைந்த சம்பளத்தில் அமர்த்தி, நான்கு வகுப்பையும் ரிக்கார்டு திருத்தும் வேலையையும் அவர் தலையில் சுமத்திவிட்டு, ‘செய்து காட்டிப் போதியும்’ என்றால் அவர் எப்போது செய்து பார்ப்பார்? அவருக்குப் பழகும் அவகாசமும் மரியாதையான சம்பளமும் கொடாமல் மாணாக்கரைக் குறை கூறுவதில் பயனில்லை.

சாதனங்களுக்குப் பணமில்லை என்று எவரும் சொல்வதற்கில்லை. போஸ்ட்கிரெஸ்க்யூஎல், பி.எச்.பி., பைத்தான், லினக்ஸ் ஆகிய எல்லாம் இலவசமாகக் கிடைப்பவை. பிரித்துப் பார்க்கவும் திருத்தவும் எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000இல் எழுதி எவ்வுரிமையும் கோராமல் பொதுவுடைமையாக்கிய எஸ்.க்யூ.லைட் என்ற சிறு டேட்டாபேஸ், நேயர்கள் பையிலுள்ள கைப்பேசியிலும் இருந்துகொண்டிருக்கிறது. குறைவாயிருப்பது கற்பிக்கும் முறையே.

நமது நேயர்களில் பலர் மனுக்களைச் சுமந்துகொண்டு ஆபீஸ்களுக்கு நடந்தவர்கள். இனி அவர்கள் தம் ஊர்க் கலாசாலையின் கம்ப்யூட்டர் கூடத்துக்கும் ஒருமுறை போய் வரட்டும். அங்குள்ள ஆசிரியரைக் கண்டு, ‘எங்கள் ஊரில் இன்ன கணக்கு இருக்கிறது, உம் மாணாக்கர் இருவரை அனுப்புவீரா?’ என்று கேட்கட்டும். மாணாக்கர் ஊருக்கு வரட்டும். கிழவியின் மூன்று பெயர்களையும் ஒருமுறை நேரில் பார்க்கட்டும். அதனைப் பார்த்தவன் நாளை சர்க்காருக்கோ கம்பெனிக்கோ ஏடு அமைக்குங்கால், அவள் பெயருக்கு அதில் ஓர் இடம் வைப்பான் என்று நாம் நம்புகிறோம்.